யப்பான் தோட்டத்தில் துடக்கு

நான் யப்பானுக்குப் போனது தோட்டம் பார்க்க அல்ல, குறை பார்க்க. என் மகள் கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று நின்ற பெடியனின் தாய் வீட்டில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினி மேசையில் போட்டு, "பாத்தியா, நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு மணித்தியாலம் விமானத்தில் காலை மடக்கிக்கொண்டு இருந்தேன்.

என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். அவர் எப்போதோ ஓம் சொல்லிவிட்டார். "பெடியன் நல்லவன், குடி இல்லை, ஸ்னோ கொட்டினால் கேக்காமலே என்ரை காரையும் சேத்துத் துடைச்சு விடுறான். வேறை என்ன வேணும்?" என்பது அவர் கட்சி. நான்தான் மாட்டேன் என்று நின்றேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் நான்; எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆனால் மகள் ஒரு வேலை செய்தாள். "நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் அம்மா. இல்லாட்டி வேண்டாம்" என்று சொல்லி முழுவதையும் என் தலையில் இறக்கிவிட்டாள். நோர்வேயில் பிறந்து வளர்ந்த இருபத்தாறு வயதுப் பிள்ளை, விருப்பமென்றால் தானே போய்ப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கலாம். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தப் பெடியன் யப்பான்காரன், எட்டு வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறவன். மகளும் அவனும் ஒரே அலுவலகத்தில் மரக்கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறார்கள். அவனுடைய நொர்ஸ்க், அதுதான் நோர்வே பாஷை, என்னுடையதைவிட நல்லது. வீட்டுக்கு வந்தால் இடியப்பத்தைக் கையால்தான் சாப்பிடுவான். எல்லாம் சரி. ஒருநாள் போனில் தன் தாயின் படத்தைக் காட்டினான். ஒரு பழைய கோயில் வாசலில் சின்ன உருவமாக ஒரு மனுசி நின்றாள். பின்னால் இருட்டுக்குள் ஒரு புத்தர் சிலை. "புத்த சமயமோ?" என்று கேட்டேன். ஓம் என்றான். அன்றைக்கு மூடின மனம்தான். கணவரிடம் பாஷை, தூரம், சாப்பாடு என்று பலதும் சொன்னேன். புத்தரைக் கும்பிடுகிற வீட்டுக்கு என் பிள்ளையைக் குடுக்க ஏலாது என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே போய்ப் பாத்துட்டு வா. பாத்த பிறகும் இல்லையெண்டால் நானும் உன்ரை பக்கம்" என்றார். ஆகவே மகள், பெடியன், நான் என்று மூன்று பேராகப் போனோம்.

தாய் எங்களைச் சந்திக்கச் சொன்னது வீட்டில் அல்ல, ஒரு பழைய தோட்டத்தில். அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் அவளுடைய வீடு. புருசன் செத்த பிறகு கிழமையில் இரண்டு நாள் அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள். தோட்டத்தில் ஒரு கூரைவீடு இருக்கிறது. அதற்குள் நிலத்தில் சதுரமாக வெட்டிய அடுப்பில் விறகு எரித்துப் புகை போடுவது அவளுடைய வேலை. புகை ஏறினால்தான் வைக்கோல் கூரையில் பூச்சி பிடிக்காதாம். முதல்முறை வருகிற சம்பந்தியை வீட்டுக்குக் கூப்பிடாமல் வேலைசெய்கிற இடத்துக்குக் கூப்பிடுகிறாளே என்று நான் உடனே ஒரு குறை எழுதிக்கொண்டேன். பிறகுதான் மகள் சொன்னாள், தனக்கு இருக்கிறதிலேயே நல்ல இடத்தைக் காட்டத்தான் அப்படி ஒழுங்கு செய்தாளாம்.

கார்த்திகை மாதம். நாங்கள் புறப்பட்டபோது ஒஸ்லோவில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது, வழியெல்லாம் ஐஸ். இங்கே வெயில் எறித்தது. குளத்தைச் சுற்றி மேப்பிள் மரங்கள் எல்லாம் சிவந்து நின்றன. குன்றின் மேல் மூன்றடுக்குக் கோபுரம் ஒன்று. கேற்றடியில் காத்துக்கொண்டு நின்றாள் அந்த மனுசி. என் தோளுக்குத்தான் வருவாள். எழுபது வயது இருக்கும். குனிந்தாள், நானும் குனிந்தேன், நான் நிமிர அவள் இன்னும் குனிந்திருந்தாள், நான் திரும்பவும் குனிந்தேன். இப்படியே மூன்று தரம். மகள் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். நான் கொண்டுபோன நோர்வேக்காரரின் பழுப்புச் சீஸ்கட்டியையும் பயற்றம் பணியாரத்தையும் இரண்டு கையாலும் வாங்கி நெற்றிக்கு நேரே உயர்த்தினாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் பேச்சு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். நான் தமிழில் சொல்வேன். மகள் அதைப் பெடியனுக்கு நொர்ஸ்கில் சொல்வாள். பெடியன் தாய்க்கு யப்பான் பாஷையில் சொல்வான். பதில் அதே வழியால் திரும்பி வரும். மகளுக்குக் கொஞ்சம் யப்பான் பாஷை தெரியும்தான், ஆனால் கடை கண்ணிக்குத்தான் காணும். ஒரு வார்த்தை போய் வர அரை நிமிடமாகும். அந்த அரை நிமிடமும் நாங்கள் இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்போம்.

உள்ளே ஒரு தோட்டக்காரர் ஏணியில் ஏறி நின்று பைன் மரத்தின் பழைய ஊசியிலைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு முழு மரம். எத்தனை ஆயிரம் ஊசி.

"உவைக்கு வேறை வேலை இல்லையே?" என்றேன்.

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ."

"அவைக்குத் தமிழ் விளங்காது."

"முகம் விளங்கும்" என்றாள் மகள்.

முகத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். அங்கே நிற்கிற கட்டடம் ஒன்றும் அந்த மண்ணில் கட்டினது இல்லையாம். கோபுரம் ஒரு ஊரிலிருந்து, பிரபு ஒருவரின் மாளிகை இன்னொரு ஊரிலிருந்து. கூரைவீடு இருந்த கிராமம் அணைக்கட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டதாம். கவனிக்க ஆளில்லாமல் இடிந்து விழப்போனதுகளை முந்திய காலத்தில் ஒரு பணக்காரர் வாங்கி, ஒவ்வொரு மரத்துண்டுக்கும் இலக்கம் போட்டுக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே திரும்பப் பூட்டியிருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே செய்திருக்கிறார்கள்.

"அப்ப இதுகளும் எங்களைப் போல வந்து குடியேறினதுகள்தான்" என்றேன்.

அந்த வார்த்தை நொர்ஸ்க் வழியாகப் போய்ச் சேர்ந்ததும் மனுசி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கிறபோது கண் இல்லாமலே போய்விட்டது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்றே என்று கோபமும் வந்தது.

கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவில், ஒரு பாதையின் நட்டநடுவில், தேங்காயளவு கல் ஒன்று கிடந்தது. கறுத்தக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டி மேலே முடிச்சுப் போட்டிருந்தது. என் கால் தானாக நின்றுவிட்டது. பாதை பிரிகிற இடத்தில், கறுத்தக் கயிற்றால் கட்டி ஒரு சாமான் கிடந்தால் என்ன அர்த்தம்? யாரோ தங்களைப் பிடித்த பீடைக்குக் கழிப்புக் கழித்து எறிந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதைத் தாண்டவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. கல்யாணம் பேச வந்த இடத்தில் இது வேறையா என்று மகளின் கையைப் பிடித்து இழுத்து, கல்லில் நிழல்கூடப் படாமல் ஓரமாகச் சுற்றி, மனத்துக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு விறுவிறென்று நடந்தேன். நடந்தது எந்தப் பாதையில் என்று நான் பார்க்கவில்லை.

பத்தடி போயிருக்க மாட்டேன், பின்னால் ஒரு தோட்டக்காரர் ஓடி வந்தார். ஓடுகிறபோதும் குனிந்து குனிந்துதான் ஓடி வந்தார். அந்தப் பாதைக்கு உள்ளே ஒரு தேநீர்க் குடிலில் யாரோ முக்கியமான ஆட்கள் இருக்கிறார்களாம். "இதாலை போகாதேங்கோ எண்டதுக்குத்தான் அந்தக் கல்லாம் அம்மா. அவ்வளவுதான்" என்று மகள் சொன்னாள். வேலி இல்லை, கேற் இல்லை, எழுத்து இல்லை. கயிறு கட்டின ஒரு கல்லை வைத்தால் சனம் திரும்பிப் போய்விடுமாம்.

"எங்கடை ஆக்களுக்கு இரும்புக் கேற் போட்டாலும் ஏறிக் குதிப்பினம்" என்றேன், வெட்கத்தை மறைக்க. மகள் கழிப்புக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். மனுசிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கைகோத்தபடி என்னை ஒரு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

மேட்டில் இருந்தது படத்தில் நான் பார்த்த அதே கோயில்.

பழைய மரமண்டபம். அகலமான படி. அன்றைக்குக் கதவெல்லாம் திறந்திருந்தது. மனுசி ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டப் போகமுன் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போவாளாம். இன்றைக்குச் சம்பந்தியோடு சேர்ந்து கும்பிட வேண்டும் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எல்லாரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. உள்ளே பார்த்தேன். ஊதுபத்திப் புகை. காலத்தால் கறுத்துப்போன மரச்சிலை. பாதி மூடின கண்.

எனக்குப் புத்தரோடு ஒரு கோபமும் இல்லை என்று இப்போது சொல்ல முடிகிறது. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் படித்தபோது நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் எங்கள் ஊருக்கு அவர் ஆமிக் காம்போடு வந்தவர். யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போன அடுத்த வருடம், ஒரு காலையில் சுற்றிவளைத்து என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். நானும் எங்கள் அம்மாவும் ஒவ்வொரு நாளும் காம்ப் வாசலில் போய் நின்றோம். வாசலில் ஒரு சின்ன அரசமரம். அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர். பகலிலும் எரிகிற நீல பல்ப். காவலுக்கு நிற்கிற ஆமிக்காரன் எங்களோடு கதைக்க மாட்டான். ஆகவே நாங்கள் புத்தரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் எங்கள் அம்மா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய், "நீயும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே ராசா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று அடுத்த நாள் எழுதித் தந்தார்கள். தம்பி வரவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த முகம் என் கண்ணைவிட்டுப் போகவும் இல்லை.

"வாங்கோ அம்மா" என்று மகள் படியில் நின்று கூப்பிட்டாள்.

ஏலாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல வாய் வராது. அப்போதுதான் அந்தப் பொய் வந்தது.

"என்னாலை வரேலாது. துடக்கு."

வெளியிலுள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: செத்தவீடு நடந்தால் அந்தக் குடும்பத்தார் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. அதைத்தான் நாங்கள் துடக்கு என்போம். எங்கள் ஆட்களிடம் துடக்கு என்று சொல்லிவிட்டால் மேலே ஒரு கேள்வியும் வராது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். யப்பான்காரரும் அப்படியே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தது என் மடைத்தனம்.

மகள் படியிலிருந்து இறங்கி வந்தாள். "ஆர் செத்தது?"

"நெருங்கின சொந்தம் எண்டு சொல்லு."

"அம்மா, ஒருத்தரும் சாகேல்லை."

"சொல்லன் பிள்ளை."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெடியனிடம் திரும்பிச் சொன்னாள். அவன் முகம் மாறியது. அவன் தாயிடம் சொன்னான். சப்பாத்துக் கழற்றிய காலோடு அந்த மனுசி சரளைக் கல்லில் இறங்கி வந்து எனக்கு முன்னால் நின்று, இடுப்பு வரை குனிந்தாள். இந்தமுறை நான் குனிய மறந்துபோனேன். ஏதோ கேட்டாள். கேள்வி இரண்டு வாய் கடந்து என்னிடம் வந்தது: யார், பெயர் என்ன, உங்களுக்குப் பதிலாக நான் உள்ளே போய் ஒரு ஊதுபத்தி வைக்கலாமா?

லண்டனில் ஒரு பெரியம்மா என்று சொல்லியிருக்கலாம். கனடாவில் ஒரு சித்தப்பா என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்கு உலகம் முழுக்கச் சொந்தம், ஒன்றைச் சாகடிக்க எனக்குத் தெரியாதா? நுணலும் தன் வாயால் கெடும்.

"என்ரை தம்பி" என்றேன். பெயரையும் சொன்னேன்.

மகள் திடுக்கிட்டு என்னைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். எங்கள் வீட்டில் மாமா காணாமல் போனவர். செத்தவர் அல்ல. இரண்டுக்கும் எங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் இருந்தது. கூடத்தில் அவனுடைய படம் தொங்குகிறது. அதற்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, பக்கத்தில் விளக்கு இல்லை. உயிரோடு இருக்கிற ஆளின் படம் தொங்குகிற மாதிரித்தான் தொங்குகிறது. அவன் பிறந்த நட்சத்திரத்துக்கு ஒஸ்லோக் கோயிலில் அர்ச்சனை செய்விக்கிறேன். எங்கள் அம்மா கண் மூடுகிறவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என்னையும் விடவில்லை. "அழுதியெண்டால் அவன் செத்ததெண்டு ஆகீடும். அழாதை" என்பார். கடைசியாக என்னிடம் போனில் சொன்னதும் அதுதான்.

பெடியனும் தாயும் உள்ளே போனார்கள். மகள் என் பக்கத்திலேயே நின்றாள். திறந்த கதவால் எல்லாம் தெரிந்தது. மனுசி முழங்காலில் இருந்தாள். பத்தியைக் கொளுத்திச் சாம்பலில் குத்தினாள். கையைக் கூப்பி ஏதோ சொன்னாள். நடுவில் தம்பியின் பெயர் கேட்டது, தெளிவாகக் கேட்டது. அந்தப் பெயரை ஒரு சாமிக்கு முன்னால், செத்தவனின் பெயராக, ஒருவர் சொன்னது அதுதான் முதல்தரம்.

அதன் பிறகு கூரைவீட்டுக்குப் போனோம். மனுசி அடுப்பை மூட்டினாள். புகை மேலே ஏறி வைக்கோலுக்குள் போயிற்று. தூண், கூரை தாங்குகிற தீராந்தி எல்லாம் புகையில் கறுத்து எண்ணெய் பூசினது போல மினுங்கியது. நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி நிலத்தில் இருந்தோம். தண்ணி கொதிக்கிற இரும்புக் கேத்தில் ஒன்று நெருப்புக்கு மேலே கொக்கியில் தொங்கியது. தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எனக்கு முதலில் தந்தாள். குறை பிடிக்கிற எண்ணமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்ன வயது?" என்று கேட்டாள்.

பொய்யைத் தொடர்ந்து சொல்ல வேண்டியதுதானே? வாய் கேட்கவில்லை. "பத்தொன்பது."

அந்த எண் போய்ச் சேர்ந்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஐம்பது வயதுக்காரியான என்னுடைய தம்பிக்குப் பத்தொன்பது வயது எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தாளோ, கேட்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டாள். மகள் அதை என்னிடம் சொல்லத் தயங்கினாள்.

"என்னவாம்?"

"கடைசி நேரம் நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்களோ எண்டு கேக்கிறா."

நான் ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இருபது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே யாருக்காவது கடைசி நேரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாத எத்தனை நோர்வேக் கிழவன் கிழவிகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். உதடு காய்ந்தால் பஞ்சால் நனைத்திருக்கிறேன். உயிர் போனதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, உடம்பைத் துடைத்து, தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு, பிள்ளைகள் வந்து பார்க்கிற மாதிரிக் கிடத்தியிருக்கிறேன். என் தம்பிக்கு யார் தண்ணீர் குடுத்தது? யார் கண்ணை மூடிவிட்டது? இதை நான் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. அவன் செத்தால்தானே கேட்க வேண்டும்.

"இல்லை" என்றேன். "நான் பக்கத்திலை இருக்கேல்லை."

மனுசி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மகனிடம் நீளமாக ஏதோ சொன்னாள். பெடியன் மகளிடம் ஒன்று கேட்டான், மகள் ஓம் என்று தலையாட்டினாள். அவனுக்கும் முகம் விழுந்துவிட்டது. மகள் என்னைப் பார்க்காமல், நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவையிலும் செத்தவீடு நடந்தால் ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் வைக்க மாட்டினமாம். எங்களிலையும் அப்பிடியோ எண்டு இவர் கேட்டவர். ஆண்டுத்திவசம் முடியவேணும் எண்டு நான் சொன்னனான். அப்ப வைகாசி வேண்டாமாம், ஒரு வருசம் பொறுப்பமாம். உங்கடை மனம் ஆறட்டுமாம். தான் நோர்வேக்கு வாறதுக்கு முதல்முதலா பாஸ்போர்ட் எடுத்து வைச்சிருக்கிறாவாம். அது பத்து வருசம் கிடக்குமாம், ஒரு அவசரமும் இல்லையாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்குச் சந்தோசம்தானே அம்மா."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ அது கையில் கிடைத்துவிட்டது. ஒரு வருடம் என்பது சின்னக் காலம் அல்ல. அதற்குள் எத்தனையோ நடக்கலாம், மனம் மாறலாம். மகள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். சின்ன வயதில் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனாலும் சத்தம் போட மாட்டாள், இப்படித்தான் துடைப்பாள்.

பொய் சொன்னேன், ஒருவரும் சாகவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் வைகாசியில் கல்யாணம் நடக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், அந்த மனுசி கொளுத்திய பத்தியைத் திரும்ப எடுக்க வேண்டும். தம்பியைத் திரும்ப எங்கள் கூடத்துச் சுவரில் கொண்டுபோய் மாட்டி, இன்னும் காத்திரு ராசா என்று சொல்ல வேண்டும். அவனும் எத்தனை காலம்தான் காத்திருப்பான்? ஒருத்தி அவனுக்காக அழுதுவிட்டாள். முன்பின் அறியாதவள், நான் வெறுக்கவென்று தேடி வந்தவள், முறையாக முழங்காலில் இருந்து அழுதுவிட்டாள். அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்யும் சொல்ல ஏலாது. மிஞ்சி இருந்தது ஒன்றுதான். அதை எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு."

"என்ன?"

"மாமா செத்து இருபத்தெட்டு வருசம்."

மகள் நெருப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"ஆமி பிடிச்சுக்கொண்டு போய்க் கொன்றுபோட்டாங்கள். இப்ப இல்லை, நீ பிறக்க முந்தி. துடக்கு எல்லாம் எப்பவோ கழிஞ்சுபோச்சுது. கோயிலுக்குள்ளை வரப் பயந்து பொய் சொன்னனான், குறை நினைக்க வேண்டாம் எண்டு சொல்லு. ஆண்டுத்திவசம் ஒண்டுக்கும் பொறுக்கத் தேவையில்லை. கலியாணத்தை வைகாசியிலையே வைப்பம்."

"அம்மா, உண்மையாவே இப்பிடிச் சொல்லட்டோ?"

"சொல்லு."

மகள் அழுதுகொண்டே நொர்ஸ்கில் சொன்னாள். பெடியன் அவள் கையைப் பிடித்தபடி தாய்க்குச் சொன்னான். அந்த அரை நிமிடத்தில் மூன்று பாஷையிலும் என் தம்பி செத்துப்போனான். மூன்றாவது தரம் கேட்டு முடிந்தபோது எனக்குத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னுடையது என்றே முதலில் தெரியவில்லை. "ஐயோ என்ரை தம்பி" என்று செத்தவீட்டில் அழுகிற மாதிரித் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் அம்மா அழாததையும் சேர்த்து அழுதேன். தோட்டம் பார்க்க வந்த சனம் என்னவோ ஏதோவென்று வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. அந்த மனுசி எழுந்து போய் அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, மரக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் தோளோடு தோள் முட்ட இருந்தாள்.